பானையின் நடுச்சூடு

நுவரெலியாவில் உலையில் வைத்த தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே காற்றின் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் நீர் ஆவியாவதற்கு அவ்வளவு சூடு தேவைப்படாது. 300 மீற்றர் ஏறினால் ஒரு பாகை இறங்கும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஹட்டனில் அது 96ஐ ஒட்டி நிற்கும். மலையில் பருப்பு வேகக் கூடுதல் விறகு பிடிப்பதற்கும், கீழ்நாட்டில் கை பழகிய சமையற்காரர் மேலே வந்த புதிதில் கிழங்கை அரைவேக்காட்டில் இறக்கிவிடுவதற்கும் இதுதான் காரணம். இந்த மலைக் குளிரையும் மலைக் கொதியையும் வைத்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். இங்கே தண்ணீர் சரியாகச் சூடாவதில்லை, ஆகவே கிருமி சாகாது என்ற அச்சம் ஒன்று. இது குளிர் ஊர், சாப்பாடு லேசில் கெடாது என்ற நம்பிக்கை மற்றொன்று. இரண்டும் பிழை. அச்சத்தால் பெரிய கெடுதல் இல்லை; ஒரு கட்டு விறகு கூடுதலாக எரியும், அவ்வளவே. நம்பிக்கைதான் ஆளைப் படுக்க வைக்கும். ஹில் கிளப், கிராண்ட் ஹோட்டல் போன்ற வெள்ளைக்காரர் காலத்து விடுதிகளிலிருந்து ஹட்டன் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள சாப்பாட்டுக் கடைகள் வரை, மலையகத்தின் எந்தக் குசினியின் உணவுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினாலும் பேச்சு கடைசியில் ‘ஊழியர்களுக்கு அறிவு போதாது’ என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. எந்த அறிவு போதவில்லை, எந்த அறிவு ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்துப் பார்த்தால் பழி விழும் இடமும் மாறும்.

முதலில் அச்சத்தைத் தீர்த்துவிடலாம். சால்மொனெல்லா, நெருப்புக்காய்ச்சல் கிருமி, வயிற்றுளைவு தரும் கிருமிகள், ஈ.கோலி எல்லாமே 70 பாகையில் இரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்க முடியாதவை. கோழிக்கறியின் தடித்த துண்டின் உட்பகுதி அந்தச் சூட்டை எட்டினால் போதும். 94 பாகை என்பது அதற்கு மிகவும் மேலே. குடிநீரும் அப்படித்தான், குமிழி விட்டுக் கொதித்த தண்ணீர் கொழும்பிலும் பாதுகாப்பானது, நுவரெலியாவிலும் பாதுகாப்பானது. 94க்கும் தப்பும் ஒரு கூட்டம் உண்டு. அது 100 பாகைக்கும் தப்பும் கூட்டம் என்பதால் மலைக்கும் கடற்கரைக்கும் இதில் வேறுபாடு இல்லை. பசிலஸ் சீரியஸ், குளொஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற இரண்டு பக்டீரியாக்களும் நிலைமை மோசமானால் வித்தி என்னும் கெட்டியான ஓட்டுக்குள் சுருண்டுகொள்ளும். முதலாவது மண்ணிலிருந்து அரிசியோடும் மரக்கறியோடும் வருவது. இரண்டாவது இறைச்சியோடும் மசாலாத்தூளோடும் வருவது. கொதிக்கும் சட்டிக்குள் மற்றக் கிருமிகள் எல்லாம் செத்துப்போக, போட்டியே இல்லாத வெற்று மைதானத்தில் இந்த வித்திகள் மட்டும் உயிரோடு கிடக்கும். சூடு குறையக் குறைய அவை முளைக்கும். ஆகவே நன்றாக வெந்த உணவு ஆபத்தைக் கடந்துவிட்ட உணவு என்று சொல்ல முடியாது. அதற்குரிய வேறொரு ஆபத்து அடுப்பை அணைத்த பிறகுதான் தொடங்குகிறது.

இங்கேதான் குளிரை நம்பும் நம்பிக்கை வருகிறது. உணவில் கிருமி பெருகும் வெப்ப எல்லை 5 பாகையிலிருந்து 60 பாகை வரை என்று உலகம் முழுதும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில்தான் இருக்கிறது. தை, மாசியில் விடியற்காலையில் புல்வெளியில் உறைபனியும் விழுகிறது. ஆனால் 16 பாகை அந்த எல்லைக்குள் அடங்கியதுதான், அதோடு அது வெளிக்காற்றின் கணக்கு. நான்கு அடுப்பு எரியும் குசினியின் காற்று வேறு, பானையின் நடுப்பகுதி இன்னும் வேறு. முப்பது சென்டிமீற்றர் உயரமும் அதே அகலமும் உள்ள ஒரு பானை நிறையச் சோறு என்று வைத்துக்கொள்வோம். சோறு கிளறப்படாமல் இறுகிக் கிடக்கும். அதன் உள்ளே இருக்கும் சூடு ஒரு பருக்கையிலிருந்து அடுத்த பருக்கைக்கு என்று மெல்ல மெல்லத்தான் வெளியே வர வேண்டும். பானையின் வெளிப்புறம் முழுவதும் நுவரெலியாவின் 16 பாகையிலேயே இருப்பதாக மிகவும் சாதகமாகக் கணக்குப் போட்டாலும், நடுப்பகுதி 60 பாகையிலிருந்து 30க்கு இறங்கவே ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகிறது. கொழும்பில் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பிடிக்கும், ஆகவே மலைக்குளிர் உதவவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆறு மணி நேரம் எந்தச் சூட்டில் கழிகிறது என்பதுதான் விஷயம். இதே அளவு பானையில் கெட்டியான இறைச்சிக்கறி இருந்தால் கணக்கு பெரிதாக மாறாது. பெர்ஃப்ரிஞ்சென்ஸ் 43 முதல் 47 பாகைக்குள் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். அந்த வேகத்தில் ஒன்று இரண்டு மணி நேரத்தில் 4,096 ஆகும். பானையைத் தொட்டுப் பார்க்கும் கைக்கோ வெளிப்பக்கம் சில்லென்றிருக்கும். குளிர் ஊரின் கை, சூடு ஊரின் கையைவிடச் சீக்கிரம் ஏமாறுகிறது. ‘ஆறிவிட்டது’ என்று மூடி போட்டுவிடுகிறது.

சூடு வெளியேறும் நேரம் ஆழத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பது பௌதிகவியல். ஆழத்தைப் பாதியாக்கினால் உட்சூடு வெளியே வர எடுக்கும் நேரம் நாலில் ஒன்றாகக் குறையும். ஒரு பானைச் சோற்றை நான்கு அகலத் தட்டுகளில் பரப்புவதற்கு உள்ள மதிப்பு இதிலிருந்து தெரியும். அமெரிக்க உணவு விதிகள் சமைத்த உணவை 57 பாகையிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறக்கச் சொல்கின்றன. எந்தப் பெரிய பானையும் தானாக இந்த நிபந்தனைக்கு உட்படாது, நுவரெலியாவின் மார்கழி இரவானாலும். தட்டில் பரப்ப வேண்டும், கறிச்சட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிக் கிளற வேண்டும், பிறகு பிரிட்ஜுக்குள் இடம் கண்டுபிடிக்க வேண்டும். சூட்டோடு முழுப் பானையையும் பிரிட்ஜுக்குள் தள்ளினால் பானை ஆறாது, பக்கத்தில் இருக்கும் பாலும் மீனும்தான் சூடாகும்.

பழைய சோறு என்றதும் மலையகத்தில் எவருக்கும் நினைவுக்கு வரும் கடை உணவு பிரைட் ரைஸ். அப்போது வடித்த சோறு தாச்சியில் ஒட்டும், குழையும். முந்திய நாள் சோறுதான் உதிரி உதிரியாகப் பிரியும். இதில் சமையற்காரரின் சோம்பல் எதுவும் இல்லை. அது தொழில்நுணுக்கம். 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் சீன உணவகங்களில் பிரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் சில மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்து விழுந்தபோதுதான் பசிலஸ் சீரியஸின் இந்த முகம் மருத்துவ உலகத்துக்குத் தெரியவந்தது. அங்கேயும் சோற்றை மொத்தமாக வேகவைத்து இரவு முழுவதும் வெளியே விட்டிருந்தார்கள். பிரிட்ஜில் வைத்தால் கட்டியாகிவிடும் என்பது அவர்களுடைய தொழிற்காரணம். காலையில் தாச்சியில் நெருப்புப் பறக்க வதக்கியும் பயன் இல்லாமல் போனது, ஏனென்றால் அந்தக் கிருமி சோற்றில் விட்டுப்போகும் வாந்தி நஞ்சு 121 பாகையில் ஒரு மணி நேரம் வைத்தாலும் அழிவதில்லை. கிருமி சாகும், நஞ்சு கிடக்கும். சூடாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற, மற்றப் பெரும்பாலான இடங்களில் உண்மையான ஒரு விதி இந்த இடத்தில் கைவிடுகிறது.

‘எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாம் பழஞ்சோறு குடித்துத்தான் மலையில் கொந்தரப்புக் கொத்தினார்கள், அவர்களுக்கு என்ன வந்தது’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் லக்ரிக் அமிலப் பக்டீரியாக்கள் முந்திக்கொண்டு புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பில் சீரியஸ் தலையெடுக்க முடியாது. பழஞ்சோறு கைவிடப்பட்ட சோறு இல்லை, பக்குவப்படுத்தப்பட்ட சோறு. பிரைட் ரைஸுக்கென்று உலர்த்தி வைக்கும் சோற்றில் தண்ணீரும் இல்லை, புளிப்பும் இல்லை, காவலும் இல்லை. அதோடு ஒன்று: தோசை மாவு நுவரெலியாவில் விடிந்தும் பொங்காமல் கிடக்கும் என்பது அங்குள்ள எல்லா வீட்டுக்கும் தெரியும். புளிக்க வைக்கும் நல்ல பக்டீரியாவுக்கும் குளிர் தடைதான். சமவெளியிலிருந்து கூட வந்த ஒரு பழக்கத்தை அப்படியே மலையில் நம்பும்போது இதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

இப்போது வகுப்பறைக்குப் போகலாம். ஹோட்டல் ஊழியர்களுக்கான பயிற்சியில் பொதுவாகச் சொல்லப்படுவது என்ன? கையைக் கழுவு. நகத்தை வெட்டு. பச்சை இறைச்சியையும் சமைத்ததையும் சேர்த்து வைக்காதே. தலைக்குத் தொப்பி போடு. காய்ச்சல் வந்தால் வேலைக்கு வராதே. இவற்றில் எதுவும் பிழையில்லை. ஆனால் ஒரு தோட்டத்துப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இரண்டாம் ஆண்டிலேயே கேட்ட செய்திதான் இது. வினாத்தாள் கொடுத்தால் பெரும்பாலானோர் சரியாகவே எழுதுவார்கள். 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, வேல்ஸின் கார்டிஃப் பகுதியில் 52 சிறிய, நடுத்தர உணவு நிலையங்களைச் சேர்ந்த 137 ஊழியர்களிடம் விசாரித்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததை எப்போதும் செய்வதில்லை என்று 63 வீதத்தினர் தாங்களாகவே ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டவர்களின் கணக்குத்தான் இது. பக்கத்தில் நின்று பார்த்தால் கணக்கு இன்னும் கீழே போகும். அமெரிக்காவில் அப்படிப் பக்கத்தில் நின்று பார்த்த ஆய்வு 2006இல் வந்தது. ஓர் ஊழியர் மணிக்குச் சராசரி 8.6 தடவை கைகழுவ வேண்டிய வேலைகளைச் செய்கிறார். அவற்றில் 27 வீதத்தில்தான் முறையாகக் கை கழுவப்பட்டது. அடுத்த ஆண்டு அதே குழுவினர் எப்போது கழுவுகிறார்கள், எப்போது விடுகிறார்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். கைகழுவும் பேசின் வேலை செய்பவரின் கண்ணில் படும் இடத்தில் இருந்தால் கழுவுவது கூடியது. ஒன்றுக்கு மேற்பட்ட பேசின் இருந்தாலும் கூடியது. வேலை நெருக்கினால் குறைந்தது.

மணிக்கு 8.6 தடவை என்பதை நின்று யோசிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு, தேய்த்து, கழுவி, துடைத்து வர ஒரு நிமிடம் என்றால் மணிக்கு ஒன்பது நிமிடம், எட்டு மணி நேர வேலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஏப்ரல் சீசனில் நுவரெலியா நகரத்தில் நடக்க இடமில்லாமல் சனம் நிறையும்போது, ஆறு பேர் செய்ய வேண்டிய வேலையை நான்கு பேர் இழுக்கும் குசினியில் இந்த ஒரு மணி நேரத்தை எவர் தருவது? ஊழியர் அட்டவணை போடும்போது கைகழுவும் நேரத்தைச் சேர்த்துக் கணக்கிட்ட முகாமையாளர் இருந்தால், அவருடைய குசினியில் சுவரொட்டியே தேவைப்படாது.

குளிர்த் தண்ணீர் இந்தக் கணக்கை மேலும் சிக்கலாக்குகிறது. கை கழுவச் சுடுதண்ணீர் வேண்டும் என்று பல நாட்டு விதிகள் எழுதிவைத்திருக்கின்றன. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் இதைச் சோதித்தார்கள். ஆபத்தில்லாத பக்டீரியாவைக் கையில் பூசி, 15, 26, 38 பாகைத் தண்ணீரில் கழுவவைத்தார்கள். மூன்றிலும் கிருமி நீங்கிய அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கை தாங்கும் சூட்டில் கிருமி சாவதில்லை; சோப்பும் உராய்வும் ஓடும் நீரும்தான் அதைப் பெயர்த்துக் கொண்டுபோகின்றன. அப்படியானால் நுவரெலியாவின் குழாய்த் தண்ணீரே போதும், சுடுதண்ணீர் ஆடம்பரம் என்று ஒரு கணக்காளர் முடிவுகட்டலாம். கிருமியின் கணக்கில் அவர் சொல்வது சரி, மனிதரின் கணக்கில் சரியில்லை. சோதனையில் பங்கேற்றவர் சொன்ன நேரம் முழுவதும் கழுவினார். மாசி மாத விடியற்காலை ஐந்து மணிக்கு, விரல் விறைக்கும் தண்ணீரில், ஏற்கெனவே பனியில் வெடித்த தோலோடு, ஒரே மணி நேரத்தில் ஒன்பதாவது முறை கழுவுகிறவர் அவ்வளவு நேரம் நிற்பாரா? வெடித்த தோலிலும் ஆறாத வெட்டுக்காயத்திலும் ஸ்டஃபைலொகொக்கஸ் ஓரியஸ் என்ற பக்டீரியா குடியேறும். மூன்றில் ஒரு பங்கு மனிதரின் மூக்கிலேயே குடியிருப்பது அது. அதுவும் சூட்டுக்கு மசியாத நஞ்சை உணவில் விட்டுப்போகும். ஆகவே மலைநாட்டுக் குசினியில் சுடுதண்ணீர்க் குழாயும், கைக்குப் பூச ஒரு களிம்பும் விருந்தினர் வசதிப் பட்டியலைச் சேர்ந்தவை இல்லை. இவை உணவுப் பாதுகாப்புக் கருவிகள்.

தெரிந்தும் செய்யாததற்கு மனப்பான்மைதான் காரணம், கண்டிப்பு போதாது என்று சொல்வோருக்கு மலையகத்தின் வரலாற்றிலேயே ஒரு பதில் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு முந்திய பதில். 1916இல் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரச் சபை மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மண்ணில் கிடக்கும் மலத்திலிருந்து வெளிவரும் குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும். தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோருக்கு அது இருந்தது. மருந்து கொடுத்தார்கள், விளக்கம் சொன்னார்கள். புழு விழுந்தது. சில காலத்தில் அதே ஆட்களுக்குத் திரும்பவும் புழு ஏறியது. காரணம் எவருக்கும் புரியாததாக இல்லை: லயங்களுக்கு மலசலகூடம் போதவில்லை, அதைக் கட்டும் செலவைத் துரைமார் தலையில் ஏற்றிக்கொள்ள விரும்பவில்லை. மருந்துக்குச் சம்மதம், கல்லுக்கும் சீமெந்துக்கும் தயக்கம். எங்கே போக வேண்டும் என்று தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், போவதற்கு ஓர் இடத்தைக் கட்டவில்லை. ‘கூலிகளின் பழக்கம்’ என்று பழி எழுதப்பட்டது. ஒரு நோயைத் தனியாகத் துரத்துவது பலிக்காது என்ற இந்தப் படிப்பினையும் சேர்ந்துதான் 1926இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதார அலகு உருவானது. இன்று குசினிக்குள் வந்து பார்க்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சனம் பி.எச்.ஐ. ஐயா என்று சொல்கிறவர், அந்த மரபின் தொடர்ச்சி. தோட்டத்து மண்ணில் தோற்ற ஒரு பிரசாரத்துக்கும் அவருடைய உத்தியோகத்துக்கும் இரத்த உறவு உண்டு. அந்தப் பிரசாரத்தின் தவறை ஹோட்டல் குசினியில் திரும்பவும் செய்துகொண்டிருக்கிறோமா என்று கேட்க அவரைவிடப் பொருத்தமானவர் எவருமில்லை.

இந்தக் குசினிகளில் வேலை செய்வோரில் பலர் லயத்துப் பிள்ளைகள். பீலித் தண்ணீரில் வளர்ந்தவர்கள். பல தோட்டங்களில் மேலே ஊற்றில் பிடிக்கும் நீர் சுத்திகரிக்கப்படாமலே குழாயில் இறங்குகிறது. அதைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும் என்பது தெரியும். விறகு விற்கும் விலையும் தெரியும். அறிவுக்கும் செயலுக்கும் நடுவே ஒரு செலவு நிற்கிறது என்பதை அவர்கள் வேலைக்கு வந்த பிறகு புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. தோட்டத்தில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும், வராவிட்டால் பேரே இல்லை. நாட்சம்பளத்துக்கு ஆள் பிடிக்கும் சாப்பாட்டுக் கடையிலும் அதே பேர்க் கணக்குத்தான்; சேவைக் கட்டணத்தை வேலைக்கு வந்த நாளைப் பார்த்துப் பங்கிடும் ஹோட்டலில் அதுவே கொஞ்சம் நாகரிகமான உடையில் இருக்கிறது. வயிற்றோட்டம் உள்ளவர் வேலைக்கு வரக்கூடாது என்ற விதியைச் சுவரில் ஒட்டிவிட்டு, வராத நாளின் சம்பளத்தை வெட்டினால், அந்த ஊழியரிடம் உண்மையில் சொல்லப்படுவது எது? அமெரிக்காவில் 491 உணவக ஊழியர்களிடம் கேட்ட ஓர் ஆய்வில், வாந்தி அல்லது வயிற்றோட்டத்தோடு அதற்கு முந்திய ஆண்டில் இரண்டு முறையோ அதற்கு மேலோ வேலைக்கு வந்ததாக ஏறத்தாழ 12 வீதத்தினர் சொன்னார்கள். இப்படி வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும் நோரோவைரஸ் ஒருவரை வீழ்த்தச் சில பத்துத் துணிக்கைகளே போதும். நோயாளியின் மலத்தில் கிராமுக்குக் கோடிக்கணக்கில் இருக்கும். சம்பளத்தோடு ஒரு நாள் ஓய்வு கொடுப்பதுதான் அந்த வைரஸுக்கு எதிராக ஒரு ஹோட்டல் வாங்கக்கூடிய மலிவான மருந்து. ஆனால் அது மருந்துப் பட்டியலில் எங்கும் வருவதில்லை.

அப்படியானால் பயிற்சியே வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். பேசினைப் பற்றி முன்னே சொன்ன அமெரிக்க ஆய்விலேயே பயிற்சி கிடைத்த இடங்களில் கை கழுவுவது கூடியிருந்தது. நான் சொல்வது, தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சி போதும், இனித் தெரியாததைச் சொல்லிக்கொடுங்கள் என்பதுதான். பானையின் வெளிச்சூடும் நடுச்சூடும் ஒன்றல்ல. சூடாக்கினாலும் போகாத நஞ்சு உண்டு. குளிர் ஊரிலும் பெரிய சட்டி தானாக ஆறாது. ஆழம் பாதியானால் நேரம் நாலில் ஒன்று. இவற்றைக் கேட்டவுடன் ஒரு சமையற்காரர் பிடித்துக்கொள்வார், ஏனென்றால் இவை அவருடைய சட்டியைப் பற்றியவை. அதையும் அவர் சமைக்கும்போது யோசிக்கும் மொழியில் சொல்ல வேண்டும். தமிழில் கணக்குப் போடும் ஒருவரின் தலைக்கு மேலே ஆங்கில அட்டவணை ஒன்று தொங்கினால், அது பரிசோதகர் பார்ப்பதற்காகத் தொங்குகிறது, அவ்வளவுதான்.

பெரிய ஹோட்டல்களில் இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறது, ஆபத்து எழும் கட்டங்களைக் குறித்துக் கண்காணிக்கும் ஹசாப் (HACCP) முறை இருக்கிறது, வெப்பநிலைப் பதிவேடு இருக்கிறது என்பது அடுத்த மறுப்பு. இருக்கிறது, நல்ல முறைதான். அது பிறந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் அதன் எல்லையும் தெரியும். 1960களை ஒட்டி விண்வெளி வீரருக்கு உணவு செய்வதற்காக பில்ஸ்பரி நிறுவனமும் நாசாவும் அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடமும் சேர்ந்து உருவாக்கியது அது: ஒரே உணவு, ஒரே இயந்திரம், ஒரே சூடு, நாள்தோறும். ஹோட்டல் குசினியில் ஒரே இரவில் நாற்பது விதமான உணவு, ஐந்து அடுப்பு, திடீரென்று வந்து இறங்கும் பஸ். மணிக்கொரு முறை நிரப்ப வேண்டிய பதிவேட்டை இரவு வேலை முடிவில் ஒரே பேனையால் ஒரே மூச்சில் நிரப்பிவிடுவது உலகம் முழுதும் நடக்கும் சங்கதி. எல்லாக் கட்டத்திலும் 4 பாகை என்று அழகாக எழுதிய பதிவேடு, இடையிடையே 9 என்று கிறுக்கிய பதிவேட்டைவிட நம்பத்தகாதது. தவறை எழுதியவருக்குத் திட்டு விழும் குசினியில் பிந்தியது எங்கும் கிடைக்காது.

மறுபக்கம், சின்னக் கடைக்காரர் இதற்கெல்லாம் எங்கே போவார் என்பது. சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நீளும். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு இரவு பகலாகச் சனம் போகும். படிக்கட்டு ஓரத்துக் கடைகள் விடிய விடிய ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுத்துக்கொண்டிருக்கும். ஊரின் பெயரே நல்ல தண்ணீரைச் சொல்கிறது. அங்கே பேசின் கட்டு, சுடுதண்ணீர் கொடு, பதிவேடு எழுது என்றால் கடையையே மூட வேண்டியதுதான். உண்மை. ஆனால் அந்தக் கடைகளில் ஆபத்துக் குறைந்த உணவுதான் பெரும்பாலும் விற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கல்லிலிருந்து நேரே கைக்கு வரும் ரொட்டியில் வித்தி முளைக்க நேரமே இல்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றும் தேத்தண்ணியும் அப்படித்தான். செய்தவுடன் விற்றுத் தீர்க்கும் வறிய கடைக்கு, நூறு பேருக்கு முன்கூட்டியே சமைத்து அடுக்கிவைக்கும் வசதியான குசினியைவிட இந்த ஒரு விஷயத்தில் அனுகூலம் உண்டு. அங்கே பார்க்க வேண்டியது துருவிய தேங்காயில் இடித்து மணிக்கணக்கில் வைத்த சம்பல், காலையில் வைத்த பருப்புக்கறி, எல்லாவற்றையும் துடைக்கும் ஒரே துணி. தண்ணீர் வாளிக்கு ஒரு குழாயும் மூடியும், இரண்டாவதாக ஒரு துணி, சம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாக இடிப்பது. இவற்றுக்கு ஒரு கடைக்காரர் வங்கிக் கடன் எடுக்க வேண்டியதில்லை.

உணவால் வரும் நோய்கள் ஆண்டுக்கு 600 மில்லியன் பேரைத் தாக்கி, 4 இலட்சத்து 20 ஆயிரம் பேரைக் கொல்வதாக உலக சுகாதார நிறுவனம் 2015இல் மதிப்பிட்டது. இலங்கையில் உணவு நஞ்சாதல் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் மலையகத்துக்கு வந்து போகும் பயணி நோயைக் கொழும்பிலோ காலியிலோ போய்த்தான் உணர்வார். பெர்ஃப்ரிஞ்சென்ஸ் 8 முதல் 16 மணி நேரம் கழித்தே வயிற்றைப் பிடிக்கும். அதற்குள் அவர் எல்ல ரயிலில் இருப்பார். தான் ஆற வைத்த கறி என்ன செய்தது என்ற செய்தி சமைத்தவரின் காதுக்கு வந்து சேர்வதே இல்லை. தச்சர் செய்த கதிரை ஆடினால் அவருக்குத் தெரியும். சமையற்காரருக்கு அப்படியொரு வழி கிடையாது. இருபது ஆண்டாக ஒன்றும் நடக்கவில்லை என்று அவர் சொல்வது பொய்யுமில்லை, சான்றுமில்லை.

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் பரிசோதகருக்கு உள்ளே வரவும் பார்க்கவும் மாதிரி எடுக்கவும் அதிகாரம் தருகிறது. பெரும்பாலும் அவர் வருவது பகல் பத்து மணிக்கு. தரை கழுவியிருக்கும், ஊழியர் தொப்பி போட்டிருப்பார், நகம் வெட்டியிருக்கும், மருத்துவச் சான்றிதழ் கோப்பில் இருக்கும். அவர் இரவு பதினொரு மணிக்கு வந்து, கடைசி விருந்தினர் எழுந்துபோன பிறகு மிஞ்சிய சோற்றுப் பானையும் கோழிக்கறிச் சட்டியும் எங்கே வைக்கப்படுகின்றன என்று பார்த்து, ஒரு வெப்பமானிக் கம்பியை அவற்றின் நடுவில் இறக்கட்டும். பிறகு பக்கத்தில் நிற்கும் பையனிடம் மூன்று கேள்வி கேட்கட்டும்: பரப்பி வைக்க அகலத் தட்டு எத்தனை இருக்கிறது? பிரிட்ஜில் இடம் இருக்கிறதா? இதைச் செய்து முடித்துவிட்டுப் போனால் உனக்குக் கடைசி பஸ் கிடைக்குமா?